கொம்பையா நரம்பு மேலத்தெருவுக்குப் போன கதை

பூவன்குறிச்சியில பந்தல் போடுத கொம்பையாவோட முழங்கையில இருந்து ஒரு நரம்பு வெளிய மொளச்சு, ஜன்னல் கம்பி வழியா எறங்கி, தெருவோட தெருவா நடக்க ஆரம்பிச்ச அன்னைக்கு, ஊர்க்காரங்க மொதல்ல கேட்டது "இது ஏன் இப்படி ஆச்சு"ன்னு இல்ல. "இதுல ஈரத்துணி காயப்போட்டா தாங்குமா"ன்னுதான்.

அதுக்கு முந்தி நடந்தது ஒண்ணும் பெரிய சங்கதி இல்ல. ஒரு கல்யாணம் முடிஞ்சு தகரப்பந்தலப் பிரிக்கும்போது, கொம்பையா ஏணி உச்சியில நின்னுக்கிட்டு, மாப்பிள்ளையோட சித்தப்பா பந்தியில திரும்பத் திரும்பப் பாயாசம் கேட்டது எப்படின்னு கழுத்த ஆட்டி நடிச்சுக் காட்டுனாரு. கீழ நின்ன பயலுவ சிரிச்ச சிரிப்புல தகரத்தப் பிடிச்சிருந்தவன் கைய விட்டுட்டான். தகரம் சறுக்கி வந்து வலது முழங்கையில ஒரு இழுப்பு இழுத்துட்டுப் போயிருச்சு. தோலு கிழிஞ்சது கொஞ்சந்தான். உள்ள ஓடுன நரம்பு அறுந்துபோச்சு. சுண்டுவிரலும் மோதிரவிரலும் வெயில்ல போட்ட வெண்டக்கா மாதிரி தொங்கிட்டு, கிள்ளுனாலும் தெரியல, தீக்குச்சி வச்சாலும் தெரியல. பந்தக்காரனுக்கு விரல் போனா முடிச்சு போச்சு, முடிச்சு போனா பந்தல் போச்சு, அப்புறம் அந்த ஏணிய வச்சு அடுத்த வீட்டு மாங்காதான் பறிக்கணும்.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா தையலப் போட்டுட்டுச் சொன்னாங்க: "பயப்படாத கொம்பையா. அறுந்த எடத்துல இருந்து நரம்பு தானா முன்னால வளரும். போய் ஒரு சதையப் பிடிச்சிட்டா பிழைச்சிரும். பிடிக்க ஒண்ணும் கிடைக்கலைன்னா வளந்தது பூரா வாடி, தோள் வரைக்கும் கை செத்துரும்."

"அதுக்கு வழி யாரு தாயி சொல்லுவா?"

"நுனியில கை மாதிரி ஒண்ணு இருக்கும். அது தடவிப் பாத்து, தடவிப் பாத்துப் போகும்."

"அப்ப சரி," ன்னாரு கொம்பையா. "எங்க அப்பாவும் பொங்கலன்னைக்கு குடிச்சிட்டு அப்படித்தான் வீடு வந்து சேருவாரு."

ஆனா அந்த நரம்பு விரலு இருக்கிற பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. தையல் எடத்துல இருந்து வெள்ளரிப்பிஞ்சுக் கொடி மாதிரி எட்டிப் பாத்துச்சு, மறுநா கயிறு மாதிரி தடிச்சு மொத்தம் ஆச்சு, அதுக்கு மறுநா வாழத்தண்டு மொத்தம் ஆகி ஜன்னல் வழியா வாசல்ல எறங்கிட்டு. தோலு நுங்குத் தோலு மாதிரி பளபளன்னு இருந்ததால உள்ள நடக்கிறது அம்புட்டும் வெளிய தெரிஞ்சுது. தெரிஞ்சதப் பாத்துட்டு கொம்பையாவும் அவர்கிட்ட வேல பாக்கிற ஆளுகளும் வாயப் பொளந்துட்டு நின்னாங்க, ஏன்னா உள்ள இருந்தது பந்தல்தான்: நீளம் நீளமா கம்பு, பப்பாளிக் காம்பு மாதிரி நடுவுல ஓட்ட உள்ள கம்பு, ஒண்ணோட ஒண்ணு அடுக்கி, குறுக்க குறுக்கக் கட்டி. கம்போட நுனியில ஜவ்வரிசி மாதிரி மணி மணியா எங்கிருந்தோ வந்து ஒட்ட ஒட்ட, கம்பு நீண்டுக்கிட்டே போவும். நல்லா நீண்டுக்கிட்டு இருக்கையிலேயே என்ன கோவமோ, நுனி வாழப்பழத் தோலு மாதிரி நாலா பக்கமும் உரிஞ்சு, ஒட்டுன மணி பூரா கொட்டிப்போவும். கொட்டுன மணியப் பொறுக்கிக்கிட்டு பக்கத்துக் கம்பு வளரும். கம்பு மேல, காலு மட்டும் உள்ள, மூஞ்சியே இல்லாத சொமக்காரப் பயலுவ தன்னைவிடப் பெரிய மூட்டையத் தலைமேல வச்சுக்கிட்டு முன்னால முன்னால நடப்பானுவ. மொத்த சாரமும் ஆடாம அசையாம தேரு மாதிரி இம்மி இம்மியா முன்னால நகந்துக்கிட்டே இருக்கும்.

நுனியில மட்டும் கம்பு கெடையாது. அங்க கோழிக்கால் மாதிரி விரல விரிச்ச ஒரு உள்ளங்கை. அதுக்குள்ள தேங்கா நாரு மாதிரி மெல்லிசு மெல்லிசா இழை, முன்னால தள்ளும், பின்னால இழுக்கும், தள்ளும், இழுக்கும், சந்தையில துணி எடுக்கிற பொம்பள மாதிரி எல்லாத்தையும் தொட்டுத் தொட்டுப் பாத்து வேண்டாம் வேண்டாம்னு கைய எடுக்கும். எங்கயாச்சும் ஒரு விரல் மனசுக்குப் பிடிச்சு ஒட்டிக்கிட்டுன்னா, அந்தப் பக்கமா பின்னால இருந்து கம்பு பாய்ஞ்சு வரும், நரம்பும் அந்தப் பக்கம் திரும்பிரும்.

"எம்மாடி!" ன்னாரு கொம்பையா. "குழி தோண்டல, ஏணி வைக்கல, ஒரு பயலும் டீ குடிக்கவும் போகல. இப்படி நாலு ஆளு எனக்குக் கெடைச்சிருந்தா நான் டெல்லிக்கே பந்தல் போட்டிருப்பேனே!"

அவர் ஆளுகள்ல மூத்தவன் மாடக்கண்ணு, வாய்க்காரன். "சம்பளம் கேக்காதுல்லா அண்ணாச்சி. அதான் ஒமக்குப் பிடிச்சிருக்கு," ன்னான்.

ஊருக்கு அது பழகிப்போக ரொம்ப நேரம் ஆகல. கொம்பையா வீடு இருக்கிற கெழக்குத்தெரு பொம்பளைக அதுல துணி காயப்போட்டாங்க, தாங்குச்சு. ஆனா நரம்ப எங்க தொட்டாலும் கொம்பையாவுக்கு அது செத்துப்போன சுண்டுவிரல்லதான் தெரியும். துணி நனைஞ்சிருந்தா விரலு குளிரும், வெயில் ஏறுனா விரலு சுடும், காக்கா உக்காந்தா விரல்ல ரெண்டு கால் பதியும். பஸ்ஸு ஏறி எறங்குனா அவரு கத்துத கத்துக்கு டிரைவர் பயந்து போறாருன்னு, நரம்பு ரோட்ட குறுக்க கடக்கிற எடத்துல ரெண்டு பக்கமும் மண்ணப் போட்டு மேல பலகைய வச்சு ஒரு மேடு கட்டிட்டாங்க; கண்டக்டரும் "நரம்பு மேடு எல்லாம் எறங்கு"ன்னு விசில் அடிக்க ஆரம்பிச்சுட்டாரு. ரெண்டு கட்சிக்காரங்க அதுல கொடி கட்ட வந்து சண்டை போட்டு, கடைசியில ஆளுக்கு ஒரு தெருவுன்னு பிரிச்சுக்கிட்டாங்க. கொம்பையா எங்க போனாலும் மிச்ச நீளத்தப் பந்தல் கயிறு மாதிரி தோள்ல சுருட்டிப் போட்டுக்கிட்டுப் போவாரு. ஒரு எழவு வீட்டுல, எல்லாரும் மாரடிச்சு அழுதுகிட்டு இருக்கும்போது, அங்க பஸ் ஸ்டாண்டு பக்கம் பிள்ளைக கோழி எறகால நரம்பக் கூசிவிட, இவரு செத்தவரு கால்மாட்டுல நின்னுக்கிட்டு கெக்கெக்கேன்னு சிரிச்சாரு பாருங்க, செத்தவரோட பொண்டாட்டி அழுகைய நிறுத்திட்டு, "கொம்பையாண்ணே, அவுக இருக்கும்போதும் இப்படித்தான் ஒங்களப் பாத்தா சிரிப்பாவ"ன்னு தானும் சிரிச்சுட்டா.

வீட்டுல பிச்சம்மா, கொம்பையா பொண்டாட்டி, அவ மட்டும் ஒண்ணும் வித்தியாசமா நெனைக்கல. "கல்யாணம் ஆனதுல இருந்து இவுக சொல்பேச்சு கேட்டதில்ல, இவுக நரம்பு மட்டும் கேட்டுருமாக்கும்?" ன்னுட்டு, நரம்பத் தாண்டித் தாண்டிப் போய் வாசல் தெளிச்சா.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நரம்பு நின்னுட்டு. அங்கயும் தொடும், இங்கயும் தொடும், எதுவும் பிடிக்காது. ஊரே சேந்து ஆசை காட்டுச்சு. ஒருத்தன் சுடச்சுட மொளகா பஜ்ஜி வச்சான், ஒருத்தி நெத்திலிக் கொழம்பு வச்சா, கறிக்கடைக்காரன் "சதைதானே கேக்குது"ன்னு ஒரு தொடைக் கறியவே கொண்டாந்து வச்சான். நரம்பு தொட்டுப் பாத்துட்டு விரல மடக்கிக்கிட்டு. கூட்டத்துல போற வார ஆளுக நீட்டுன கையையும் காலையும்கூடத் தொட்டுட்டு விட்டுட்டு. வெளியூர் காண்டிராக்டர் ஒருத்தன் பிளாஸ்டிக் பூ வச்ச துணிப்பந்தல் சாமான்லாம் போட்டு வச்ச ஷெட்டு பக்கம் போனப்ப மட்டும், சுட்ட மாதிரி நாலடி பின்னால துள்ளுச்சு.

"நரம்புக்கும் தொழில் தெரியுது," ன்னாரு கொம்பையா, ரொம்பச் சந்தோசமா.

"தொழில் தெரிஞ்சு என்னத்துக்கு? விரல் தெரியலையே," ன்னான் மாடக்கண்ணு. "அண்ணாச்சி, கம்பு கோணிக்கிட்டு போனா நாம என்ன செய்வோம்? முட்டுக் குடுத்துக் கட்டுவோம்லா? இதையும் திருப்பி ஒம்ம விரலோட வச்சு ஒரு கட்டு கட்டிருவோம்."

பந்தக்காரங்களுக்கு ஒலகத்துல எதப் பாத்தாலும் கட்டத்தான் தோணும். நாலு பேரு நரம்பத் தூக்கித் திருப்பி, ரெண்டு பக்கமும் சவுக்குக் கம்பு முட்டுக் குடுத்து, நுனிய அவரோட தொங்குத சுண்டுவிரலோட சேத்து, தேங்கா நாரு கயித்தால நாப்பது சுத்து சுத்தி, மாடக்கண்ணு பல்லால இழுத்து ஒரு முடிச்சு போட்டான். "அசையட்டும் பாப்போம்."

அசையல. கட்டுக்குள்ள அந்தக் கோழிக்கால் கை சுருங்கிட்டு. உள்ள இழை தள்ளவும் முடியாம இழுக்கவும் முடியாம நின்னுபோச்சு. அப்புறம் பின்னால கம்பு ஒண்ணொண்ணா உரிய ஆரம்பிச்சுது, மணி மணியா கொட்டுச்சு, சொமக்காரனுவ மூட்டையப் போட்டுட்டுப் பின்னங்கால் பிடறியில பட ஓடுனானுவ, நரம்பு பொசுபொசுன்னு சுருங்கி ஒரு தெரு நீளம் கொறஞ்சு போச்சு. கொம்பையாவுக்கு கை ஐஸ்கட்டி ஆகி, ஒதடு நாவப்பழம் தின்ன மாதிரி நீலமாயிட்டு. பிச்சம்மா அருவாமனைய எடுத்துட்டு வந்து கயித்த அறுத்தா. "முடிச்சு போடத் தெரிஞ்ச மூதிகளுக்கு எங்க போடணும்னு தெரியலையே!"

டாக்டரம்மா வந்து பாத்தாங்க. "நுனியக் கட்டவே கூடாதுய்யா. அது தடவுறதுக்கு எடம் விட்டாத்தான் பின்னால கம்பு நிக்கும். இப்ப பாதி பலம் போயிருச்சு. இனிமே சீக்கிரம் எதையாவது பிடிக்கணும், இல்லைன்னா கைய மறந்துரு."

அதுக்கப்புறம் யாரும் நரம்புக்கு வழி சொல்லல. நரம்பும் ரெண்டு நா மூச்சு வாங்கிட்டு, திரும்பி மெல்ல ஒவ்வொரு விரலா நீட்டி, பஸ் ஸ்டாண்டத் தாண்டி, மேலத்தெரு முக்குல திரும்பிட்டு. அதப் பாத்ததும் கொம்பையா, "ஏ, அங்க மட்டும் வேண்டாம்!"ன்னு கத்துனாரு.

மேலத்தெருவுலதான் அவரு தங்கச்சி சொர்ணம் இருக்கா. மூணு வருசத்துக்கு முந்தி சொர்ணம் வீட்டுப் பால்காய்ப்புக்கு, அவ வீட்டுக்காரரு, பாத்திரக்கடை பரமகுரு, வெளியூர்க்காரன்கிட்டச் சொல்லி பிளாஸ்டிக் பூ பந்தல் போட்டுட்டாரு. பந்தக்காரன் தங்கச்சி வீட்டுல வெளியூர்ப் பந்தல்! கொம்பையா வாசல் வரைக்கும் வந்து, அண்ணாந்து பாத்து, தும்மிட்டு, சாப்பிடாமத் திரும்பிட்டாரு. அதுக்கப்புறம் அவங்க கூப்பிடல, இவரு போவல. சொர்ணத்துக்கு ஒரு பொம்பளப்பிள்ள, முப்புடாதின்னு பேரு, அஞ்சு வயசாச்சு, காது குத்தல. தாய்மாமன் மடியிலதானே உக்கார வச்சுக் குத்தணும்? மாமன் வராமக் குத்த அவங்களுக்கு மனசில்ல, மாமனக் கூப்பிட பரமகுருவுக்கு வாயில்ல, கூப்பிடாமப் போக கொம்பையாவுக்கு காலில்ல.

இப்ப நரம்பு மட்டும், யாரும் கூப்பிடாம, குடுகுடுன்னு போய்க்கிட்டு இருக்கு.

கொம்பையா ஓடிப்போய் அதுக்கு முன்னால ரோட்டுலயே சம்மணம் போட்டு உக்காந்துட்டாரு. "ஏ நரம்பு! மானங்கெட்ட நரம்பு! நில்லு! கூப்பிடாத வீட்டுக்கு எங்க வம்சத்துல எவனும் போனதில்ல!"

"கை போயிரும் அண்ணாச்சி," ன்னான் மாடக்கண்ணு.

"போனாப் போவட்டும்வே! இன்னொன்னு இருக்குல்லா!"

நரம்பு அவரு முட்டியத் தொட்டுப் பாத்துச்சு. தாடையத் தொட்டுப் பாத்துச்சு. மூக்கத் தொட்டுப் பாத்துச்சு. ஒண்ணுலயும் ருசி இல்லைன்னு, அவர ஒரு சுத்து சுத்திக்கிட்டுப் போயிட்டு.

சொர்ணம் வீட்டு வாசல்ல ஊரே கூடிட்டு. பரமகுரு கதவச் சாத்திட்டு ஜன்னல்ல நின்னாரு. கொம்பையா தெருமுக்கு மின்கம்பத்துக்குப் பின்னால, ஒளிஞ்சிருக்கிறதா அவரா நெனச்சுக்கிட்டு நின்னாரு. நடுவுல நரம்பு, படியில கைய வச்சு வச்சுத் தடவிக்கிட்டு.

"ஒங்க அண்ணன் வந்திருக்காருட்டி," ன்னு ஒருத்தி சொர்ணத்துகிட்ட சொன்னா.

"எங்க வந்திருக்காரு? நரம்புல்லா வந்திருக்கு!" ன்னாரு பரமகுரு ஜன்னல் வழியா.

"நரம்பு வந்தா ஆளு வந்த கணக்குத்தான்," ன்னா அவ.

"அது எப்படி? நாளைக்கு என் சட்டையக் குடுத்து விட்டா நான் கல்யாணத்துக்கு வந்ததா ஆயிருமா?"

"சட்டைய யாராச்சும் மிதிச்சா ஒமக்கு வலிக்குமாவே?" ன்னு மாடக்கண்ணு கேட்டுட்டு, நரம்ப லேசா ஒரு மிதி மிதிச்சான். தெருமுக்குல இருந்து "ஏலேய்!"ன்னு ஒரு சத்தம். "பாத்தீரா? ஆளு வந்தாச்சு."

அப்படியும் இப்படியும் ஊரு ரெண்டா பிரிஞ்சு நியாயம் பேசிக்கிட்டு இருக்கையில, சொர்ணம் கதவத் தெறந்துட்டு வெளிய வந்து இடுப்புல கைய வச்சு, மின்கம்பத்தப் பாத்துக் கத்துனா: "அண்ணே! ஒன் நரம்புக்கு இருக்கிற சூடு சொரணையில ஒரு பங்கு ஒனக்கு இருக்கக்கூடாதா?"

மின்கம்பத்துக்குப் பின்னால தெரிஞ்ச வேட்டி நுனி மட்டும் உள்ள இழுத்துக்கிட்டு.

கதவு தெறந்த சந்துல நரம்பு உள்ள போயிட்டு. உள்ள முப்புடாதி தரையில உக்காந்து பொரிகடலை தின்னுக்கிட்டு இருந்தா. நரம்பு அவ முதுகத் தொட்டு, சடையத் தொட்டு, எடது காதுமடலத் தொட்டுச்சு. தொட்ட விரல் எடுக்கல. அடுத்த விரலும் அங்கேயே ஒட்டுச்சு, அதுக்கடுத்ததும். உள்ள இழை எல்லாம் ஒரே பக்கமா இறுக்கிப் பிடிக்க, பின்னால கெழக்குத்தெருவுல இருந்து கம்பு கம்பா தடதடன்னு பாய்ஞ்சு வந்து காது வரைக்கும் ஊணி நின்னுச்சு. ரெண்டு தெரு நரம்பும் ஒரு தடவ பெருமூச்சு விட்ட மாதிரி உப்பி எறங்குச்சு. துணி காயப்போட்டவங்க பாத்தாங்க.

"அம்மா, மாமா கை ஒட்டிக்கிட்டு," ன்னா முப்புடாதி, பொரிகடலைய மென்னுக்கிட்டே.

அது மாமா கைன்னு அவளுக்கு யாரும் சொல்லல.

கூட்டத்துல இருந்த பொம்பளைக அதுக்கப்புறம் ஆம்பளைகள நியாயம் பேச விடல. மிச்ச நரம்ப இழுத்து சும்மாடு மாதிரி சுத்தி, மெத்துன்னு ஒரு மடி பண்ணுனாங்க. பிள்ளையத் தூக்கி அதுல உக்கார வச்சாங்க. ஆசாரியக் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தாங்க. பிச்சம்மா மடியில இருந்து ஒரு ஜோடி கம்மல எடுத்தா, எப்ப வாங்குனாளோ எப்ப ஒளிச்சு வச்சாளோ. பரமகுரு "அது எப்படி..."ன்னு வாயெடுத்தாரு, சொர்ணம் ஒரு பார்வ பாத்தா, எடுத்த வாயத் திரும்ப வச்சுக்கிட்டாரு.

ஆசாரி எடது காத எடுத்தாரு. நரம்பு ஒட்டுன காது. சந்தனத்தால புள்ளி வச்சு, கம்பியக் கொண்டாந்து, "சாமி கண்ண மூடிக்கோ"ன்னு ஒரே குத்து.

முப்புடாதி பொரிகடலை தின்னுக்கிட்டு இருந்தா.

தெருமுக்குல கொம்பையா போட்ட சத்தத்துல மின்கம்பத்துக் குருவி பூரா பறந்துட்டு. "ஐயோ! ஐயய்யோ! எஞ் சுண்டுவிரல்ல கடப்பாறைய எறக்கிட்டானே!" ன்னு விரலப் பிடிச்சுக்கிட்டு, வேட்டிய ஒரு கையால தூக்கிக்கிட்டு, மானம், ரோசம், வம்சம் எல்லாத்தையும் ரோட்டுல போட்டுட்டு, படியேறி, வாசல் தாண்டி, நடு வீட்டுக்குள்ள வந்து குதிகுதின்னு குதிச்சாரு.

அப்புறம்தான் எங்க நிக்கோம்னு பாத்தாரு. பரமகுருவும் அவரும் மூணு வருசத்துக்கு அப்புறம் மூஞ்சிக்கு மூஞ்சி பாத்தாங்க. பரமகுரு, வீட்டுக்குள்ள வந்தவங்ககிட்ட எல்லாரும் சொல்லுததையே சொன்னாரு.

"வாங்க மச்சான்."

"ம்," ன்னாரு கொம்பையா, விரல ஊதிக்கிட்டே. "வந்தேன்."

வலது காதக் குத்துனப்ப முப்புடாதி ஊரக் கூட்டிட்டா. அது அவ காதுல்லா. அதுக்குக் கொம்பையா மடிதான் வேண்டியிருந்துச்சு, நரம்பு மடி பத்தல.

ஒரு வாரம் கழிச்சு டாக்டரம்மா வந்து பாத்துட்டுச் சொன்னாங்க: "நரம்பு சதையப் பிடிச்சிருச்சு, இனி கை தோள் வரைக்கும் சாகாது. ஆனா விரலு வேணும்னா, இந்த நரம்ப முழங்கை கிட்ட வெட்டிட்டு, திருப்பி உள்ள வளர விடணும். என்ன சொல்ற?"

கொம்பையா தொங்குத விரலப் பாத்தாரு. வெட்டுனா முடிச்சு திரும்ப வரும்; முடிச்சு வந்தா பழைய கொம்பையா ஏணியில ஏறிருவாரு. "வேண்டாம் தாயி. இம்புட்டு தூரம் நடந்துபோய் ஒரு எடத்துல உக்காந்திருக்கு. எழுப்பி வான்னா கோவப்படும். எங்க வம்சத்துக் கோவம் ஒங்களுக்குத் தெரியாது," ன்னாரு. மாடக்கண்ணுவுக்குத்தான் வருத்தம், அன்னையில இருந்து அண்ணாச்சி எடது கையாலயும் பல்லாலயும் போடுத முடிச்சு, அவன் போடுததவிட இறுக்கமா விழுது.

ஊரு எப்பவும் போல இருக்கு. துணி காயுது. பஸ்ஸு மேட்டுல ஏறி எறங்குது. மேலத்தெருவுல முப்புடாதி பண்ணுத சேட்டைக்கு சொர்ணம் எடது காதப் பிடிச்சுத் திருகுனா, கெழக்குத்தெருவுல இருந்து ஒரு ஆளு, "விடுட்டி! விடுட்டி பாவி!"ன்னு கத்திக்கிட்டே வாராரு, அதனால பிள்ளைக்குப் பயமே விட்டுப்போச்சு.

நேத்துக்கூட கோயில் கொடைக்குப் பந்தல், கொம்பையா ஏணி உச்சியில நிக்காரு, வாயில கயிறு. திடீர்னு செத்த சுண்டுவிரல்ல ஒரு அரிப்பு. சொறிஞ்சு பாத்தாரு, கம்புல தேச்சுப் பாத்தாரு, கடிச்சுக்கூடப் பாத்தாரு. ம்ஹூம். கயித்தத் துப்பிட்டு, ஏணிய விட்டு எறங்கி, நரம்பத் தோள்ல சுருட்டிக்கிட்டே, "என்ன அண்ணாச்சி, அரிக்குதோ?"ன்னு கேக்கிற டீக்கடைக்காரனுக்கெல்லாம் பதில் சொல்லாம, பஸ் ஸ்டாண்டத் தாண்டி, மேலத்தெரு முக்கு திரும்பி, படியேறிப் போய் முப்புடாதி முன்னால உக்காந்து, அவ எடது காதப் பிடிச்சு சொறி சொறின்னு சொறிஞ்சாரு. கண்ணு தானா சொருகிட்டு.

"மாமா," ன்னா அவ. "எனக்கு அரிக்கவே இல்லையே."

"ஒனக்கு அரிக்கல தாயி," ன்னாரு கொம்பையா. "எனக்குத்தான் ஒங் காதுல அரிக்குது. செத்த நேரம் ஆடாம இரு."